பதிவேட்டில் இருந்தவர்கள்

திமாப்பூர் ரயில் நிலையத்துக்கு வெளியே கோஹிமா போகும் சுமோக்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஆள் நிறையாமல் எந்த வண்டியும் கிளம்பாது. மூட்டை முடிச்செல்லாம் கூரைக்கு ஏறி, கடைசி ஆளும் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் ஓட்டுநர் வந்து சாவியைத் திருப்புகிறார். தூரம் 74 கிலோமீட்டர்தான். சுமுகெடிமா சோதனைச் சாவடியில் வெளிமாநிலத்தார் உள்நுழைவு அனுமதிச் சீட்டைக் காட்ட வேண்டும். அதைத் தாண்டியதும் மலை ஆரம்பித்துவிடுகிறது. பாக்லா பஹார் என்ற இடத்தில் சாலைக்கு மேலே செங்குத்தாகப் பாறைகள் தொங்குகின்றன. மழைக்காலத்தில் அவை உருண்டு வந்து பாதையை மறிப்பது இங்கே வழக்கமான செய்தி. அந்த வளைவு வந்ததும் ஓட்டுநர் பாட்டை நிறுத்தினார். ஒரு கண் சாலையிலும் ஒரு கண் மேலேயுமாகக் கடந்த பிறகுதான் மறுபடி போட்டார்.

நான் பார்க்கப் போனது 1944-இல் நடந்த ஒரு போரின் நினைவிடத்தை. அந்தப் போர் நடந்ததற்குக் காரணமே இந்தச் சாலைதான். அன்று இம்பாலில் இருந்த பிரிட்டிஷ் இந்தியப் படைக்கு அரிசி முதல் குண்டு வரை எல்லாம் திமாப்பூர் ரயிலடியில் இறங்கி, இந்த வழியாக மலையேறித்தான் போயின. திமாப்பூரின் ராணுவக் கிடங்குகள் 11 மைல் நீளத்துக்கும் ஒரு மைல் அகலத்துக்கும் பரவிக் கிடந்தன. கோஹிமாவைப் பிடித்தால் இம்பால் பட்டினியில் விழும், திமாப்பூருக்கும் கதவு திறக்கும். பர்மாவிலிருந்த ஜப்பானின் 15-வது படையின் தளபதி முதாகுச்சி ரென்யா போட்ட திட்டம் இது.

கோஹிமாவுக்கு அனுப்பப்பட்டது ஜெனரல் சாத்தோ கோத்தோக்குவின் 31-வது டிவிஷன். ஏறத்தாழ 15,000 பேர் மூன்று வாரச் சாப்பாட்டைச் சுமந்துகொண்டு சிந்த்வின் ஆற்றைத் தாண்டிக் காட்டுமலைகளுக்குள் நடந்தார்கள். வழியில் அடித்துச் சாப்பிடலாம் என்று மாடுகளையும் ஓட்டி வந்தார்கள். ஆற்றிலும் மலைப்பாதையிலும் அவற்றில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. எதிர்த்தரப்பில் 14-வது படையின் தளபதி வில்லியம் ஸ்லிம், அந்தக் காட்டைக் கடந்து ஒரு ரெஜிமென்ட்டுக்கு மேல் வர முடியாது என்று கணித்திருந்தார். வந்ததோ முழு டிவிஷன். தன் கணக்கு தப்பியதை ஸ்லிம் பிற்பாடு வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

சுமோவிலிருந்து இறங்கும் இடத்திலேயே போர் ஆரம்பமாகிவிடுகிறது. கல்லறைத் தோட்டத்தின் அடிவாரத்திலுள்ள சாலைச் சந்திப்பை ஊரார் இன்றும் டி.சி.பி. கேட் என்கிறார்கள். போர்க்காலத்தில் ராணுவ லாரிகளை நிறுத்தி ஒழுங்குபடுத்திய போக்குவரத்துச் சாவடி நின்ற இடம் அது. காய்கறிக் கூடையோடு டாக்ஸியைக் கைகாட்டி நிறுத்தும் பெண்ணும், பள்ளிச் சீருடைப் பையனும் அந்த ராணுவப் பெயரைத்தான் சாதாரணமாகச் சொல்கிறார்கள். ஆங்கிலப் போர் நூல்களில் வரும் குன்றுகளுக்கும் இதே மாதிரிக் கிடங்குப் பெயர்கள்தாம். சிறை இருந்தது ஜெயில் ஹில். உணவுப்பொருள் கிடங்கு இருந்தது எஃப்.எஸ்.டி. ஹில். அன்றாடப் பண்டங்கள் கொடுத்த இடம் டி.ஐ.எஸ். ஹில். வீரகாவியத்துக்கு ஏற்ற பெயர் ஒன்றுகூட இல்லை. மளிகைக் கிடங்குகளுக்காகத்தான் இத்தனை பேர் செத்தார்கள் என்பதை அந்தப் பெயர்கள் மறைக்காமல் சொல்கின்றன.

கல்லறைத் தோட்டம் கேரிசன் ஹில் சரிவில் படிப்படியாக ஏறுகிறது. நெல் வயல்களுக்காக மலையை அடுக்கடுக்காக வெட்டும் அங்காமி நாகர்களின் ஊரில் இந்த அடுக்குகள் அந்நியமாகத் தெரியவில்லை. நிமிர்ந்து நிற்கும் கற்கள் இங்கே கிடையாது. புல்லோடு புல்லாகத் தாழ்ந்த பீடங்கள்மேல் வெண்கலத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. அதற்கும் கீழே, குடும்பத்தார் விரும்பினால், அவர்கள் எழுதிக் கொடுத்த ஒரு வரி. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுத் தகடுதான். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் முதல் உலகப் போரிலிருந்தே கடைப்பிடிக்கும் விதி இது. 1,420 கல்லறைகள். வயதுகளை வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் இருபதுகளைத் தாண்டுவது அபூர்வம்.

மேல் அடுக்குகளில் ஒன்றில் புல்தரைமேல் வெள்ளைக் கோடுகள் செவ்வகமாகப் பதிந்திருக்கின்றன. டென்னிஸ் மைதானம். துணை ஆணையர் சார்ல்ஸ் பாசியின் பங்களாத் தோட்டத்தில் இருந்தது. 1944 ஏப்ரலில் இந்த மைதானத்தின் ஒரு ஓரத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் பதுங்குகுழிகளும் மறு ஓரத்தில் ஜப்பானியர்களின் பதுங்குகுழிகளும் இருந்தன. நடுவில் ஒரு டென்னிஸ் ஆட்டத்துக்கான இடம் மட்டும். கோட்டிலிருந்து கோட்டுக்கு நடந்து பார்த்தேன். மூச்சு வாங்குவதற்குள் மறுபக்கம் வந்துவிட்டது. இந்தத் தூரத்தில் துப்பாக்கியைவிடக் கையெறி குண்டுதான் வசதி. இரு தரப்பும் இரவு பகலாக அதைத்தான் வீசிக்கொண்டிருந்தன.

முற்றுகை ஏப்ரல் முதல் வாரத்தில் தொடங்கியது. கர்னல் ஹியூ ரிச்சர்ட்ஸின் தலைமையில் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் சுமார் 2,500 பேர். அதில் கணிசமானோர் கிடங்குக்காரர்கள், எழுத்தர்கள், ஓட்டுநர்கள் போன்ற சண்டைக்குப் பழகாதவர்கள். ராயல் வெஸ்ட் கென்ட் பட்டாலியன், அஸ்ஸாம் ரெஜிமென்ட், அஸ்ஸாம் ரைபிள்ஸ், நேபாள அரசு அனுப்பிய ஒரு படை ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள்தாம் எதிர்த்து நின்றார்கள். அஸ்ஸாம் ரெஜிமென்ட் வீரர்கள் இதற்கு முன்பே கிழக்கே ஜெஸ்ஸாமி, கராசோம் கிராமங்களில் ஜப்பானியர்களைப் பல நாள் தடுத்து நிறுத்தி, கோஹிமாவுக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கிக் கொடுத்துவிட்டு, களைத்துப்போய் வந்து சேர்ந்திருந்தார்கள்.

தண்ணீர் வரும் வழியை ஜப்பானியர்கள் முதலிலேயே பிடித்துவிட்டார்கள். பங்களாவுக்கு அருகே இருந்த ஒரு சிறு ஊற்றுக்கு இரவில் தவழ்ந்து போய்த்தான் மொண்டு வர முடிந்தது. விமானத்திலிருந்து போட்ட தண்ணீரிலும் குண்டுகளிலும் ஒரு பகுதி எதிரியின் பக்கம் போய் விழுந்தது. காயம்பட்டவர்களைப் படுக்கவைத்த பள்ளங்களிலும் மோர்ட்டார் விழுந்ததால், ஏற்கெனவே காயம்பட்டவர்கள் அங்கேயே மறுபடியும் அடிபட்டார்கள். மூன்று கிலோமீட்டர் தள்ளி ஜோட்சோமாவில் 161-வது இந்தியப் படையணியின் பீரங்கிகள் நின்றன. முற்றுகைக்குள் இருந்தவர்கள் வயர்லெஸ்ஸில் இடம் சொல்லச் சொல்ல அவை குறிபார்த்துச் சுட்டன. அந்தப் பீரங்கிகள் இல்லையென்றால் மேடு தாங்கியிருக்காது. ஏப்ரல் 18-இல் பஞ்சாப் ரெஜிமென்ட் வீரர்கள் வழி திறந்து உள்ளே வந்தார்கள். அடுத்த சில நாட்களில் புதிய படை பொறுப்பேற்றது.

முற்றுகை முடிந்ததே தவிர, போர் முடியவில்லை. ஜப்பானியர்கள் குன்றுகளுக்குள் பதுங்குகுழிகளைக் குடைந்து உட்கார்ந்துவிட்டார்கள். டென்னிஸ் மைதானமும் அவர்கள் கையில்தான் இருந்தது. மே 13-இல் புல்டோசரால் சரிவை வெட்டிப் பாதை போட்டு, ஒரு கிராண்ட் டாங்கியைப் பங்களா வரைக்கும் ஏற்றிக் கொண்டுபோய், நேருக்கு நேராகச் சுட்ட பிறகே மைதானம் மீண்டது. வேறொரு டாங்கி சரிவில் உருண்டு சிக்கிக்கொண்டது. அது இன்றும் ஊருக்குள் அப்படியே நிற்கிறது. ஜப்பானியக் குறிவைப்பாளர்கள் ஏறி மறைந்திருந்த ஒரு செர்ரி மரம் போரில் அழிந்துபோக, அதன் அடியிலிருந்து துளிர்த்து வந்ததாகச் சொல்லப்படும் மரம் மைதானத்தின் ஓரத்தில் நிற்கிறது.

இங்கே புதைக்கப்பட்டவர்களில் இருவர் விக்டோரியா கிராஸ் பெற்றவர்கள். லான்ஸ் கார்ப்பரல் ஜான் ஹார்மன் டி.ஐ.எஸ். ஹில்லில் தனியாளாக எதிரியின் குழிகளைத் தாக்கி ஏப்ரல் 9-இல் இறந்தார், வயது 29. இங்கிலாந்தின் கரைக்கு அப்பாலுள்ள லண்டி என்ற தீவுக்குச் சொந்தக்காரரின் மகன் அவர். கேப்டன் ஜான் நீல் ரேண்டல் மே 6-இல் ஒரு பதுங்குகுழியின் வாயைத் தன் உடம்பாலேயே அடைத்து இறந்தார், வயது 26. தீவு முதலாளியின் பிள்ளைக்கும் பக்கத்தில் கிடக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே தகடு என்பதைப் பார்க்கும்போது அந்த ஆணையத்தின் விதிமேல் மரியாதை வருகிறது.

குன்றின் உச்சிப் பகுதியில் இன்னொரு நினைவுச்சின்னம் இருக்கிறது. தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் பெயர்களைத் தாங்கியது. கீழே பெயருக்கு ஒரு பீடமும் ஒரு செடியும் உண்டு. இங்கே பெயர்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. மொத்தப் போரில் பிரிட்டிஷ் இந்தியத் தரப்பில் இறந்தும் காயம்பட்டும் காணாமல்போயும் விழுந்தவர்கள் ஏறத்தாழ 4,000 பேர். பிரிட்டனின் மிகப் பெரிய போர் எது என்று 2013-இல் லண்டனின் தேசிய ராணுவ அருங்காட்சியகம் வாக்கெடுப்பு நடத்தியபோது வாட்டர்லூவையும் நார்மண்டியையும் தாண்டி இம்பால்–கோஹிமாதான் வென்றது. அந்த வெற்றியில் பாதிக்கு மேல் இந்தியச் சிப்பாய்களுடையது.

வாசலுக்கு அருகே, இங்கே சண்டையிட்ட பிரிட்டனின் 2-வது டிவிஷனுக்கு நட்ட நினைவுக்கல் நிற்கிறது. உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் கோஹிமா வாசகம் பொறித்த கல் இதுதான். அதன் மூலவரிகள் முதல் உலகப் போர்க் காலத்தில் ஜான் மேக்ஸ்வெல் எட்மண்ட்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் எழுதியவை. வருகிற எல்லோரும் வாசகத்தைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் கல். செதுக்கி இழைத்த பளிங்கு இல்லை, உயர்ந்து நிற்கும் முரட்டுப் பாறை. மராம் கிராமத்துப் பக்கமிருந்து நாகர்கள் இழுத்து வந்து நிறுத்திக் கொடுத்தது.

கல் இழுப்பது அங்காமிகளுக்குப் புதிய வேலை கிடையாது. ஊருக்கு விருந்து வைத்துப் பெருமை தேடிக்கொண்டவரின் நினைவாக, ஊரே சேர்ந்து மரச்சறுக்கில் கட்டி நெடுங்கல்லை மலைமேல் இழுத்து நிறுத்துவது அவர்கள் பழைய வழக்கம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த நடுகற்களைப் பார்த்த கண்ணுக்கு இந்தக் கல் அந்நியமாகப் படாது. தமிழ் பிராமியில் பெயர் வெட்டி நிறுத்திய கற்கள் அவை; அவற்றில் ஒன்று ஆநிரைச் சண்டையில் விழுந்தவனுக்கு. செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் இன்றும் வயல் வரப்புகளில் நிற்கின்றன. விழுந்தவன் யார், எந்தச் சண்டை, எந்த ஊருக்காக என்று அவை சொல்லிவிடும். ஊருக்காக விழுந்தவனுக்கு ஊர் நட்ட கல் அது. கோஹிமாவில் கல் ஊருடையது, இழுத்த கைகள் ஊருடையவை, அதில் வெட்டியிருப்பதோ கடல் தாண்டி வந்த டிவிஷனின் பெயர்.

இங்கே நின்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. யாருக்குத் தகடு கிடைத்தது? படைப் பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவருக்கு. எண், பிரிவு, இறந்த தேதி, உறவினர் முகவரி எல்லாம் எழுதிவைத்த ஓர் அலுவலகம் இருந்ததால்தான் எண்பது ஆண்டு கழித்தும் அந்தப் பெயர்களை நாம் படிக்க முடிகிறது. அஸ்ஸாம் ரெஜிமென்ட் சீருடையில் இருந்த நாகனுக்கும் அந்தக் கணக்கில் இடம் உண்டு. சீருடை இல்லாமல் அரிசி மூட்டையையும் குண்டுப் பெட்டியையும் செங்குத்துச் சரிவில் சுமந்தவருக்கும், காயம்பட்டவனை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் காட்டுப் பாதையில் இறக்கியவருக்கும், ஜப்பானியர் எங்கே இருக்கிறார்கள் என்று உளவு சொன்னவருக்கும் அந்தப் பதிவேட்டில் பக்கம் இல்லை. அவர்கள் இல்லாமல் இந்த மலையில் ஒரு படையும் நகர்ந்திருக்க முடியாது என்று போரில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள்.

மேட்டின் மறுபக்கம் ஏறினால் பழைய கோஹிமா கிராமம், பரா பஸ்தி. போரின்போது ஜப்பானியர்கள் பிடித்து வைத்திருந்தது இந்தக் கிராமத்தைத்தான். ஆகவே பிரிட்டிஷ் குண்டுகள் விழுந்ததும் இதன்மேல்தான். ஊர்மக்கள் காட்டுக்குள்ளும் உறவினர் கிராமங்களுக்கும் சிதறினார்கள். திரும்பி வந்தபோது வீடுகள் இல்லை, நெல் குதிர்கள் காலி. சாப்பாடு தீர்ந்துபோன சாத்தோவின் படை சுற்றுவட்டாரக் கிராமங்களின் அரிசியைத்தான் நம்பியிருந்தது. இன்று குறுகலான சிமென்ட் படிகளும் கல் முற்றங்களும் மரம் செதுக்கிய வாசல் கதவுகளுமாக ஊர் மறுபடி நெருக்கமாக எழுந்து நிற்கிறது. ஒரு முற்றத்தில் சோயா அவரையைப் புளிக்கவைத்த அக்குனியின் வாசனை அடித்தது. அடுத்த முற்றத்தில் அடுப்புக்கு மேலே பன்றி இறைச்சி புகையில் காய்ந்துகொண்டிருந்தது. தன் மாமியார் சிறுமியாக இருந்தபோது காட்டில் ஒளிந்திருந்ததை அந்த வீட்டு அம்மா இந்தியில் சொன்னார். குண்டுச் சத்தத்தைவிடப் பசியைத்தான் அவர் மாமியார் அடிக்கடி சொல்வாராம்.

ஜப்பானியர்களுக்கும் இங்கே கல்லறைத் தோட்டம் கிடையாது. கோஹிமாவில் மட்டும் அவர்கள் தரப்பில் 5,000 பேருக்கு மேல் இறந்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். மூன்று வாரச் சாப்பாட்டோடு வந்தவர்கள் இரண்டு மாதம் நின்று சண்டையிட்டார்கள். வேண்டிய உணவு கடைசிவரை வந்து சேரவில்லை. மே மாத இறுதியில் முதாகுச்சியின் ஆணையை மீறிச் சாத்தோ படையைப் பின்வாங்கச் செய்தார். ஜப்பானியப் படையில் ஒரு டிவிஷன் தளபதி அப்படிச் செய்வது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினால் உண்மையைப் பேசுவேன் என்று அவர் காத்திருந்தார். மனநலம் சரியில்லை என்று சொல்லி விசாரணையையே தவிர்த்துவிட்டார்கள். ஜூன் 22-இல் கோஹிமா–இம்பால் சாலையின் 109-வது மைல்கல் அருகே, கோஹிமாவிலிருந்தும் இம்பாலிலிருந்தும் வந்த பிரிட்டிஷ் இந்தியப் படைகள் சந்தித்தன, சாலை திறந்தது. பின்வாங்கிய ஜப்பானியர்கள் பர்மா போகும் பாதையெங்கும் பசியாலும் நோயாலும் விழுந்துகொண்டே போனார்கள்.

அவர்களை நினைவுகூர வேண்டுமானால் அரதுரா குன்றுக்குப் போக வேண்டும். நாகா வீட்டின் முகப்பைப் போலக் கூரையை ஏற்றிக் கட்டிய பெரிய கத்தோலிக்கப் பேராலயம் அங்கே இருக்கிறது. அதைக் கட்டுவதற்கு இங்கே இறந்த ஜப்பானிய வீரர்களின் குடும்பங்களும் நன்கொடை கொடுத்தன. பௌத்த, ஷிண்டோ வீடுகளிலிருந்து வந்த பணம் கிறிஸ்தவக் கோயிலாக நிற்கிறது. எலும்பு கிடைக்காத மகனுக்காக, அவன் விழுந்த ஊரார் கும்பிடும் இடத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

பதிவேட்டில் இல்லாத இன்னொரு கூட்டம் நமக்கு நெருக்கமானது. ஜப்பானியர்களோடு சேர்ந்து வந்த இந்திய தேசிய ராணுவத்தில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அந்த ராணுவத்தின் முக்கியப் படைகள் இம்பால் பக்கம் சண்டையிட்டன. அவர்களுக்காகச் சிங்கப்பூர் கடற்கரையில் சுபாஷ் சந்திர போஸ் 1945-இல் எழுப்பிய நினைவுச்சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் அதே ஆண்டு வெடிவைத்துத் தகர்த்தார்கள். இன்று அவர்களின் நினைவிடத்தைப் பார்க்க மணிப்பூரின் மொய்ராங்குக்குப் போக வேண்டும். நினைவுச்சின்னம் நிற்பதற்கு வீரம் மட்டும் போதாது, கடைசியில் யார் கை ஓங்கியது என்பதும் வேண்டும்.

கோஹிமாவிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் கொனோமா. காட்டில் வேட்டையாடுவதை ஊரே கூடி நிறுத்தி, 1998-இல் பறவைகளுக்குச் சரணாலயம் அமைத்த கிராமம். சுற்றுலாக்காரர்கள் பெரும்பாலும் அதன் வயல் அடுக்குகளைப் பார்க்க வருகிறார்கள். நான் போனது செமோமா கோட்டைக்கு. 1879 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசியல் அதிகாரி டாமன்ட் இந்த ஊர் வாசலில் கொல்லப்பட்டார். அங்காமிகள் அதோடு நிற்காமல் கோஹிமாவிலிருந்த பிரிட்டிஷ் காவல்படையையும் முற்றுகையிட்டார்கள். பிரிட்டிஷ் படை திரும்பி வந்து கொனோமாவைத் தாக்க, சண்டை 1880 மார்ச் வரை நீடித்தது. ஆக, 1944-க்கு 65 ஆண்டுகளுக்கு முன்பே கோஹிமா ஒரு முற்றுகையைப் பார்த்திருக்கிறது. அப்போது வெளியே நின்றவர்கள் நாகர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் பிறகு அதே ஆங்கிலேயருக்காக மூட்டை சுமந்தார்கள்.

கோட்டை மேட்டில் டாமன்ட்டுக்குக் கல் இருக்கிறது. கொன்ற ஊரே அதைப் பராமரிக்கிறது. நாகா விடுதலைப் போராட்டத்தில் உயிர்விட்ட ஊர்க்காரர்களுக்கும் அதே கிராமத்தில் கற்கள் நிற்கின்றன. 1947 ஆகஸ்ட் 14 அன்று நாகர்களின் சுதந்திரத்தை அறிவித்த இயக்கத்தின் தலைவர் பிஸோ பிறந்த ஊர் இது. 1990-இல் லண்டனில் இறந்த அவரைக் கோஹிமாவில் புதைத்தார்கள். 1963-இல் நாகாலாந்து தனி மாநிலமானது, 1997-இல் சண்டைநிறுத்தம் வந்தது. 1947-க்கும் 1997-க்கும் இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் இறந்தவர்களுக்குக் காமன்வெல்த் ஆணையம் எதுவும் வரவில்லை. அவரவர் ஊர் அவரவர் பெயர்களை வெட்டிக்கொண்டது. எதிரிக்கு ஒரு கல், தன் ஆளுக்கு ஒரு கல் என்று இரண்டையும் ஒரே ஊரில் வைத்திருக்கும் கொனோமாவின் கணக்கு, கோஹிமாவின் அழகான அடுக்குகளைவிட விரிவானதாக எனக்குப் பட்டது.

அதற்காக வெண்கலத் தகடுகளைக் குறைசொல்ல முடியாது. ஒரு சிப்பாயின் பெயர்கூட விடுபடக் கூடாது என்று ஓர் அமைப்பு நூறாண்டாகப் புல் வெட்டிக்கொண்டிருப்பது சாதாரணக் காரியம் இல்லை. அந்தப் பட்டியல் எங்கே முடிகிறது என்பது பிழைத்துப் போனவர்களுக்கும் தெரிந்திருந்தது. 2-வது டிவிஷனில் சண்டையிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் வீரர்கள் தள்ளாத வயதில் கோஹிமா கல்வி அறக்கட்டளை என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். நாகர்கள் அன்று செய்த உதவிக்குக் கைம்மாறாக அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு கொடுப்பது அதன் வேலை. சுமை தூக்கியவர்களின் பெயர்களை இனிமேல் தேடிப்பிடித்துக் கல்லில் வெட்டுவது கடினம். பேரன் பேத்திகளின் பெயர்களைப் பள்ளி வருகைப் பதிவேட்டில் எழுதிவிடலாம். கோஹிமாவில் நான் கேள்விப்பட்ட நினைவுச்சின்னங்களில் இதுவொன்றுதான் ஆண்டுக்காண்டு புதுப் பெயர்களைச் சேர்த்துக்கொள்கிறது.